வட்டக்கோட்டையின் மறுமுனை

அழகர்கோவிலைச் சுற்றி வாழும் நமக்குக் கோட்டை என்பது புதிய காட்சியன்று. மதுரையிலிருந்து வரும் சாலை வெளிக்கோட்டை மதிலைக் கடந்துதான் கோவிலை அடைகிறது. உட்கோட்டையை இரணியன் கோட்டை என்பர். சித்திரையில் கள்ளழகர் மதுரைக்குப் புறப்படும்போதும் இந்த மதில்களைத் தாண்டியே போகிறார். மற்ற நாள்களில் அவற்றை ஏறிட்டுப் பார்ப்பவர் குறைவு. கற்களிடையே செடி முளைக்கிறது, ஆடுகள் மேய்கின்றன.

மதுரை நகரின் கோட்டைக்கு வேறு கதி நேர்ந்தது. 1840-களில், பிளாக்பர்ன் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அந்த நிலத்தில்தான் வெளி வீதிகள் பிறந்தன. இடிக்கும் பணியை நடத்தியவர்களின் நினைவாக மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்னும் பெயர்கள் நிலைத்தன. ஆனால் அந்த மதிலுக்குக் கல் சுமந்த ஒருவரின் பெயரேனும் ஒரு சந்துக்கு வாய்க்கவில்லை.

ஆக, கோட்டை ஒன்று தானே சிதையலாம், பிறரால் இடிக்கப்படலாம். மூன்றாவதாக ஒரு கதியும் உண்டு: அது பூங்காவாகலாம். அதனைக் காணவே கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள வட்டக்கோட்டைக்குச் சென்றோம். கடலைப் பார்த்து, காற்று வாங்கி, திரும்பி வருவதே நமது நோக்கமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே அஞ்சுகிராமம் செல்லும் சாலையில் ஆறு, ஏழு கிலோமீட்டர் சென்று கடலை நோக்கித் திரும்பினால் கோட்டை தென்படுகிறது. பெயரில் வட்டம் இருப்பினும் வடிவத்தில் இது நீண்ட சதுரம். பரப்பு சுமார் மூன்றரை ஏக்கர். கருங்கல் மதில் 25 அடிக்குக் குறையாத உயரம். முன்புறம் மதிலின் கனம் 29 அடி. பின்புறம் ஆறே அடி என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். எங்கிருந்து அச்சம் வந்ததோ அந்தப் பக்கம் கல் பருத்திருக்கிறது.

வாயிலுக்குள் நுழைந்ததும் போர்க்களத்தின் நினைவு எழவில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் புல்தரையும் மரநிழலும் நம்மை வரவேற்கின்றன. நடுவே படிகளுடன் ஒரு குளம். கடற்கரையை ஒட்டியும் அதில் நீர் நிற்பது பெரிய வியப்பு. கல்தூண்கள் தாங்கிய மண்டபங்கள் குளிர்ந்து கிடக்கின்றன. மதிலின் மேலேறப் படிக்கட்டு இல்லை. அகன்ற சாய்தளம் ஒன்று இருக்கிறது. பீரங்கியை உருட்டிச் செல்வதற்காக அமைத்த அந்தச் சாய்வில், நாம் சென்ற அன்று, ஒரு தாய் தன் குழந்தையைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சென்றுகொண்டிருந்தார். அந்தக் காட்சிக்காகவே தொல்லியல் துறைக்கு நன்றி சொல்லலாம். சுவரில் ஆங்காங்கே மீன் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கொண்டு பாண்டியர் காலத்திலேயே இங்கு ஏதோ ஓர் அரண் இருந்தது என்று கூறுவோர் உண்டு. இன்று நாம் காணும் கோட்டை பதினெட்டாம் நூற்றாண்டில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் (1729–1758) உருப்பெற்றது.

மதிலின் மேல் காற்று மிகக் கடுமை. கீழே கடல், கரிய மணல் கலந்த கரை. மேற்கே மருந்துவாழ்மலை. வடக்கே திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முடிச்சுகளும், அவற்றின் அடிவாரம் வரை நிற்கும் காற்றாலைகளும். பள்ளி மாணவர்கள் சிலர் தம் ஆசிரியருடன் வந்திருந்தனர். ஒரு சிறுவன், “சார், இது யாரைத் தடுக்கக் கட்டினது?” என்று கேட்டான். ஆசிரியர் கடலைக் காட்டி, “டச்சுக்காரர்களை” என்றார். அவர் சொன்னது தவறன்று. எனினும் அது பாதி விடைதான். மீதி விடையை அவர் சொல்லாததும் நல்லதே; ஏனெனில் மதுரையிலிருந்து வந்த நாம் அருகில் நின்றுகொண்டிருந்தோம்.

இந்தக் கோட்டை தனித்து நின்றதன்று. இங்கிருந்து வடக்கே மலையடிவாரத்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை ஓர் அரண்வரிசை ஓடியது. கணவாயை அடைத்து, சமவெளியைக் கடந்து வந்த அந்த வரிசையின் கடல்முனையே வட்டக்கோட்டை. நேர்க்கோட்டில் அளந்தால் இடைத்தூரம் சுமார் 15 கிலோமீட்டர். அதன் கிழக்கே நெல்லைச் சீமை. மேற்கே நாஞ்சில் நாடு, திருவிதாங்கூர். கிழக்கிலிருந்து வந்தவர்கள் யார்? திருமலை நாயக்கர் காலத்திலும் இராணி மங்கம்மாள் காலத்திலும் மதுரைப் படைகள் அந்தக் கணவாய் வழியே நாஞ்சில் நாட்டுக்குள் இறங்கின. 1740-ஐ ஒட்டி சந்தா சாகிபின் படை வந்து கோட்டாற்றையும் சுசீந்திரத்தையும் சூறையாடியது. அச்சத்தோடு நினைக்கப்பட்ட அந்தத் திசை நமது திசைதான். மேற்குக் கரையில் புனித சவேரியார் 1544-இல் மறைப்பணியாற்றியபோதும் வடுகர் படையெடுப்பின் பேச்சே அந்நாட்டை நடுங்க வைத்திருந்தது.

கடல்வழி வந்த பகைக்கும் குறைவில்லை. மிளகு வாணிகத்துக்காக மார்த்தாண்ட வர்மாவோடு மோதிய டச்சுக் கம்பெனி 1741 ஆகஸ்டில் குளச்சலில் தோற்றது. சிறைப்பட்டவர்களுள் ஒருவர் யூஸ்தாக்கியுஸ் டி லனாய். பிரெஞ்சு நாட்டின் அராஸ் நகரில் 1715-இல் பிறந்தவர். புராட்டஸ்தாந்துக் கம்பெனியில் வேலை பார்த்த கத்தோலிக்கர். அவரைக் குளச்சல் படையின் தளபதி என்று எழுதுவோரும் உண்டு. சிறு பதவியில் இருந்தவர் என்போரும் உண்டு. பின்னர் அவர் அடைந்த உயர்வை நோக்கின் இந்த வேறுபாடு பெரிதன்று. மன்னர் அவரைக் கொல்லவில்லை. தம் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சியளிக்க வைத்தார். கைதியாக வந்தவர் ‘வலிய கப்பித்தான்’ ஆனார். உதயகிரிக் கோட்டையும் வட்டக்கோட்டையும் அவர் மேற்பார்வையில் வலுப்பெற்றன; வடக்கே நெடுங்கோட்டை என்னும் பெரும் அரண்வரிசையும் அவர் கைவண்ணமே. தன்னைச் சிறைப்படுத்திய நாட்டுக்கு மதில் கட்டுவதிலேயே ஒருவர் தம் ஆயுளைக் கழித்தார்.

மதிலைத் திட்டமிட்டவரின் பெயர் நமக்குத் தெரியும். கட்டியவர்களின் பெயர்கள்? அக்காலத் திருவிதாங்கூரில் ‘ஊழியம்’ என்றொரு முறை இருந்தது. தாழ்த்தப்பட்ட சாதியினர் அரசுப் பணிகளுக்குக் கூலியின்றி உழைக்க வேண்டும், அழைத்தபோது வரவேண்டும், மறுத்தால் அடி. வட்டக்கோட்டை மண்டபத்தின் குளிர்ந்த கல்லில் சாய்ந்து, கொண்டு சென்ற புளிச்சோற்றை உண்டபோது, இந்நினைவு நம் தொண்டையில் சற்றே சிக்கியது உண்மை. பூங்காவில் ஊழியத்துக்கு ஒரு பலகை இல்லை. புல்தரைக்குக் காலணியோடு செல்லலாமா என்பதற்கு இருக்கலாம்.

உணவுக்குப் பின் மறுபடியும் மதிலேறி வடக்கே நோக்கினோம். அங்கே ஆரல்வாய்மொழிக்கருகே ஒரு குன்று இருக்கிறது. காற்றாடிமலை என்பது அதன் பெயர். காற்றாலைகள் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் வைத்த பெயர் அது. கடல்முனையில் நாம் நிற்கும் இந்த வரிசையின் மலைமுனை அதுதான். அங்கேதான் 1752 சனவரி 14 அன்று தேவசகாயம் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அவர் வரலாற்றை நம் வாசகர்கள் அறிவர். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலர். உதயகிரிக் கோட்டைப் பணிகளில் ஈடுபட்டிருந்தபோது டி லனாயோடு நட்பு ஏற்பட்டது. கால்நடைகளும் விளைச்சலும் அழிந்து மனமுடைந்திருந்த நண்பருக்கு அந்தப் படைத்தலைவர் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழி வரும் செய்தி. போர்முறை கற்பிக்க வைக்கப்பட்ட ஒருவரிடமிருந்து, அனைத்தையும் இழந்த மனிதரின் கதை கோட்டைக்குள் நுழைந்தது.

நீலகண்டன் திருமுழுக்குப் பெற விரும்பினார். இங்கே தான் நாம் வாழ்நாளெல்லாம் கவனியாமல் விட்ட ஒன்றை வட்டக்கோட்டை மதிலிலிருந்து கண்டோம். டி லனாய் அவரை அனுப்பிய இடம் வடக்கன்குளம். அது ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, அரண்வரிசைக்கு வெளியே, நெல்லைச் சீமையில் இருந்தது. தத்துவ போதகர் 1606-இல் நம் மதுரையில் தொடங்கிய மறைப்பணித் தளத்தைச் சேர்ந்த ஊர் அது. எந்தத் திசையிலிருந்து மனிதர் வரக்கூடாது என்று மதில் காத்து நின்றதோ, அதே திசையை நோக்கி, மதில்களின் சிற்பி தம் நண்பரை அனுப்பிவைத்தார். 1745 மே 14 அன்று, தமிழில் பரஞ்சோதிநாதர் என வழங்கப்பட்ட இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்னும் பெயரின் பொருளையே தமிழாக்கித் தேவசகாயம் என்று சூட்டினார். மனைவி பார்கவியும் பின்னர் ஞானப்பூ ஆனார்.

அவர் எல்லையைக் கடந்து போய்த் திரும்பியதோடு நின்றிருந்தால் ஒருவேளை அரண்மனை பொறுத்துக்கொண்டிருக்கலாம். அவர் கடந்தது இன்னொரு எல்லை. தாழ்த்தப்பட்ட சாதியினரோடு வேற்றுமையின்றிப் பழகினார். அவர்களும் தாமும் சமம் என்று வெளிப்படையாகப் பேசினார். 1749-இல் கைது செய்யப்பட்டார். எருக்கம்பூ மாலையிட்டு, எருமை மேல் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுசென்றனர். அடித்த புண்களில் மிளகாய்ப்பொடி தடவினர். 1750 சனவரியில் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்துத் தாம் அத்தெய்வத்தின் அடியவராக ஆட்சி செய்யலானார். அரசும் கோவிலும் ஒன்றாகிப்போன அந்த நாளில், அரண்மனை அலுவலர் ஒருவர் வேறு மறை தழுவி நிற்பது எவ்வாறு நோக்கப்பட்டிருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம். சிறையில் ஈராண்டு கழிந்தபின் அவரை ஆரல்வாய்மொழிக்கு, நாட்டின் விளிம்புக்கு, தள்ளினார்கள். அங்கும் மக்கள் அவரைத் தேடி வந்தமையால் துப்பாக்கி பேசியது.

இந்தத் தண்டனைக்கு மதம் காரணமன்று, அரசுக்கு எதிரான குற்றமே காரணம் என்றும், மதத்துக்காக ஒருவர் கொல்லப்பட்டதாக அரசு ஆவணம் கூறவில்லை என்றும் எழுதிய வரலாற்றாசிரியர்கள் உண்டு. அவர்கள் வாதத்தை வெறுப்போடு ஒதுக்குவது நமக்கு அழகன்று. ஆயினும் நிகழ்ச்சி நடந்து நான்கே ஆண்டுகளில், 1756-இல், கொச்சி மறைமாவட்ட ஆயர் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் இந்த மறைசாட்சியின் மரணம் இடம்பெற்றிருக்கிறது. அவ்வளவு அண்மையில் எழுதப்பட்ட செய்தியைப் பிற்காலக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

வலிய கப்பித்தான்? நண்பர் எருமை மேல் ஏற்றப்பட்டபோதும் அவர் அதே அரசின் படைத்தலைவர். நண்பர் சுடப்பட்ட பின்னும் இருபத்தைந்து ஆண்டுகள் அதே அரசுக்குப் பணிபுரிந்தார். 1777-இல் உதயகிரியில் மறைந்தார். கோட்டைக்குள் கூரையிழந்து நிற்கும் சிற்றாலயத்தில் அவரது கல்லறை இருக்கிறது. அதன் மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள். அருகே மனைவியும், போரில் இறந்த மகனும் துயில்கின்றனர். அந்தக் கோட்டையும் இன்று பூங்காவே. அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அவரும் அந்நிய மண்ணில் ஒரு கைதியாகத் தொடங்கியவர். மன்னரின் தயவுக்கு அப்பால் அவருக்குக் கால் வைக்க நிலமில்லை. ஆயினும் யோபுவின் கதையைச் சொன்னவர் மதிலுக்குள்ளும், அதைக் கேட்டவர் மதிலின் விளிம்பிலும் முடிந்தனர். வட்டக்கோட்டையின் 29 அடிக் கனத்தைக் கையால் தடவிப் பார்த்தபோது நமக்கு அந்தப் படைத்தலைவரின் மேல் கோபம் வரவில்லை. ஏதோ இரக்கமே வந்தது.

அவ்வளவு கனமும் காத்ததா என்றால், அதுவும் இல்லை. திவான் வேலுத்தம்பியோடு மூண்ட போரில் ஆங்கிலேயரின் கம்பெனிப் படை 1809 பிப்ரவரியில் கணவாய்க்கு வந்தது. இரவோடு இரவாக ஒரு சிறு படை செங்குத்தான மலையில் ஏறி, மேலிருந்து அரண்வரிசையைப் பிடித்துவிட்டது. மலைமுனை விழுந்ததும் கடல்முனைக்கு வேலையில்லாமல் போயிற்று. அரண் என்று கட்டப்பட்டது அறுபத்தைந்து ஆண்டுகள்கூட அரணாக இருக்கவில்லை. அதன்பின் இருநூறு ஆண்டுகளாக வெறும் கல்.

நாம் திரும்பும் வழியை மாற்றிக்கொண்டோம். நேராக மதுரைச் சாலையைப் பிடிக்காமல் நாகர்கோவில் சென்று, அங்கிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே கிழக்கே வந்தோம். காற்றாடிமலையில், சுடப்பட்ட வேளையில் மணிபோல் ஒலித்ததாக மக்கள் போற்றும் மணியடிச்சான் பாறையைத் தொட்டுப் பார்த்தோம். வட்டக்கோட்டையில் நம் தலைமுடியைக் கலைத்த அதே காற்று இங்கும் வீசியது. அங்கே சுற்றுலாப் பயணிகள், இங்கே திருப்பயணிகள். ஒரே வரிசையின் இரு முனைகள் என்பதைச் சொல்லும் பலகை இரண்டிடத்திலும் நம் கண்ணில் படவில்லை.

கணவாயைத் தாண்டியதும் வடக்கன்குளம் தொலைவில்லை. அங்கே சென்றாக வேண்டும் என்று தோன்றியது. ஏனெனில் மதிலைப் பற்றிப் பேசத் தொடங்கியவர்கள் அந்த ஊரைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையாகாது. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அந்த ஊரில், அவர் இறந்து நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின், 1872-இல், நம்மவர்கள் ஒரு பெரிய ஆலயம் எழுப்பினார்கள். ஒரே பீடம், அதை நோக்கி இரண்டு தனித்தனி நீள்கூடங்கள். ஒன்று வேளாளருக்கு, மற்றொன்று நாடாருக்கு. இடையே சுவர். மேலிருந்து பார்க்கக் கால்சட்டை போல் இருப்பதால் ஊரார் அதைக் கால்சட்டைக் கோவில் என்றே வழங்கினர். எந்த வேற்றுமையை மறுத்ததற்காக ஒருவர் உயிர் கொடுத்தாரோ, அந்த வேற்றுமைக்கு அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினோம். இதற்கு மார்த்தாண்ட வர்மாவைக் குறை சொல்ல வழியில்லை. ஊழியத்துக்கு ஆள் பிடிக்கவும் இல்லை, விரும்பியே கட்டினோம்.

அந்தச் சுவர் 1910-இல் திருச்சி ஆயரின் ஆணைப்படி இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது; ஆலயத்துள் சாதிக்கெனத் தனியிடம் கோரும் உரிமை ஏற்கப்படவில்லை. கல்லறைத் தோட்டங்களிலும் திருவிழாத் தேர்வடத்திலும் நம் மறைமாவட்டங்களில் எஞ்சியிருக்கும் சுவர்களைப் பற்றி இங்கே விரிக்கப் புகுந்தால் இக்கட்டுரை இன்னொரு இதழுக்கும் நீளும். அவற்றை இடிக்கும் மேஸ்திரிகளின் பெயரை நாம் எந்த வீதிக்கு வைக்கப் போகிறோம் என்று மட்டும் வண்டியில் ஒருவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

நாம் சேர்ந்தபோது மாலைத் திருப்பலிக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆலயத்துக்கு எதிரே நின்று, வருவோர் எந்த வாயில் வழியாக நுழைகிறார்கள் என்று சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் இன்னும் சாயவில்லை. எல்லாரும் நிழல் விழுந்திருந்த பக்கத்து வாயில் வழியாகவே நுழைந்தார்கள். நாமும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு நுழைந்தோம்.